ஆர்மா 3: எதில் நிற்கிறது, எங்கே இடறுகிறது? புதுச்சேரி, கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்மா 3 செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013 செப்டம்பர் 12 அன்று வெளியிட்ட ராணுவத் துப்பாக்கி விளையாட்டு. கணினியில் மட்டும் ஓடும். இத்தனை ஆண்டு கழித்தும் ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே வெறுத்துப் போய் அழித்தும் விடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். அது கீழே வருகிறது.

பிஜிஎம்ஐ, கால் ஆஃப் டூட்டி ஆடியவருக்கு இது பிடிக்குமா?

சுடுவதற்காக மட்டும் வருகிறவருக்குப் பிடிக்காது. இதில் இருபது நிமிடம் நடந்து, பத்து நிமிடம் மேட்டில் படுத்துப் பார்த்து, மூன்று நிமிடம் சுடுவீர்கள். அந்த மூன்று நிமிடத்தில் யார் சுட்டார் என்று தெரியாமலே செத்தும் போகலாம். ஆல்டிஸ் என்ற முதன்மைத் தீவின் பரப்பு 270 சதுர கிலோமீட்டர். நம் புதுச்சேரி வட்டாரம் 293. அதாவது பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு எல்லாம் சேர்த்த அளவுக்கு ஒரே வரைபடம்; நடுவில் காத்திருக்க வைக்கும் லோடிங் திரை எதுவும் கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நடப்பது போலத்தான். இந்தத் தூரம் உங்களுக்குச் சுவையாகத் தெரிந்தால் வாங்குங்கள்.

இதன் உண்மையான பலம் என்ன?

முதலில் குண்டு. சுட்ட குண்டு காற்றில் பயணம் செய்கிறது, தாழ்கிறது, வேகம் இழக்கிறது, மெல்லிய சுவரைத் துளைக்கிறது. தூரத்தை மதிப்பிட்டு பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளால் குறிக்கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டும். 300 மீட்டருக்கு வைத்துவிட்டு 500 மீட்டரில் இருப்பவரைச் சுட்டால் குண்டு அவர் காலடியில் மண்ணைக் கிளப்பும். காற்று குண்டைத் தள்ளுவது மட்டும் மூல ஆட்டத்தில் இல்லை. ஏஸ் 3 என்ற மாட் (ஆடுகிறவர்களே எழுதிய கூடுதல் இணைப்பு) போட்டால் அதுவும் வரும்.

அடுத்தது ஒலி. குண்டு ஒலியைவிட வேகமாக வருவதால், தலைக்கு மேலே சீறல் முதலில் கேட்கும், துப்பாக்கி வெடிக்கும் ஓசை பிறகு கேட்கும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நொடி இருந்தால் எதிரி அறுநூறு, எழுநூறு மீட்டர் தள்ளி இருக்கிறார். திசையை இரண்டாவது ஓசையிலிருந்து பிடிக்க வேண்டும். சீறல் கேட்ட பக்கம் திரும்பிச் சுடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இதற்காகவாவது நல்ல ஹெட்போன் தேவை. மானிட்டரில் இருக்கும் ஸ்பீக்கரில் இந்த விளையாட்டின் பாதி போய்விடும்.

உடலை வைத்துக்கொள்ளும் நிலை மூன்றாவது. நிற்பது, குந்துவது, படுப்பது ஒவ்வொன்றிலும் மூன்று உயரம், ஆக ஒன்பது. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு டபிள்யூ அடித்தால் ஒரு படி உயரும், எஸ் அடித்தால் ஒரு படி தாழும். சுவருக்கு மேல் தலையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும்படி நிற்க இதுதான் வழி. சுவரிலோ மணல்மூட்டையிலோ துப்பாக்கியைத் தாங்கலாக வைக்க சி விசை. தாங்கல் கிடைத்ததும் குறி ஆடுவது பெருமளவு நின்றுவிடும். பாரம் ஏற ஏற மூச்சு வாங்கும், குறி ஆடும். பையில் ராக்கெட் மூன்று தூக்கிக்கொண்டு ஏன் சுட்டது படவில்லை என்று கேட்பவர்கள் நிறைய.

இவை எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது ஆட்டத்துடனே வரும் ஈடன் எடிட்டர், அதாவது மிஷன்களை நாமே உருவாக்கும் கருவி. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

எங்கள் வீட்டுத் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்தவர். இது நிஜப் பட்டாளத்தைக் காட்டுகிறதா?

சில பகுதிகளைச் சரியாகக் காட்டுகிறது: காத்திருப்பு, தகவல் தப்பாகப் போய்ச் சேருவது, ஒருவர் அவசரப்பட்டால் பத்து பேரும் மாட்டிக்கொள்வது. பசி, தூக்கமின்மை, பயம், காயத்தின் பின்விளைவு ஆகியவற்றை எந்த விளையாட்டும் காட்டாது, இதுவும் காட்டவில்லை. மூல ஆட்டத்தில் மருத்துவம் மிக எளிது: முதலுதவிப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினால் 75 சதவீதம் தேறிவிடலாம், மீதியை மருத்துவப் பை வைத்திருக்கும் வீரர் சரிசெய்வார். நாடாக்கட்டு, இரத்த இழப்பு, மார்ஃபின் எல்லாம் வேண்டுமென்றால் ஏஸ் 3 மாட்.

'ராணுவமே இதில்தான் பயிற்சி எடுக்கிறது' என்று சொல்வது தவறு. பல நாட்டு ராணுவங்கள் பயன்படுத்துவது விபிஎஸ் என்ற தனி மென்பொருள். அதை உருவாக்கிய பொஹீமியா இன்டராக்டிவ் சிமுலேஷன்ஸ் வேறு நிறுவனம். 2022-இல் பிஏஇ சிஸ்டம்ஸ் அதை வாங்கிவிட்டது. ஆர்மாவுக்கும் விபிஎஸ்ஸுக்கும் பூர்வீகம் ஒன்று, அவ்வளவே.

குறைகளை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பாட்கள், அதாவது கணினியே இயக்கும் வீரர்கள், வண்டி ஓட்டுவதுதான் முதல் குறை. நான்கு லாரியை வரிசையாகப் பாலத்தில் அனுப்பினால் ஒன்று கைப்பிடிச் சுவரில் ஏறும், மற்றது நின்றுவிடும். பதின்மூன்று ஆண்டுகளாகப் படிப்படியாகச் சரிசெய்தும் முழுதாகத் தீரவில்லை. வண்டி வரிசை உள்ள மிஷனை எழுதினால் வேகத்தைக் குறைத்து, வளைவுக்கு ஒரு வேபாயின்ட் (போக வேண்டிய இடத்தின் குறி) வைத்து, பாலத்தைத் தவிர்த்து விடுங்கள். கட்டடத்துக்குள்ளும் பாட்கள் தடுமாறுகின்றன. ஆனால் திறந்தவெளியில் அவை சுடுவது சில நேரம் மனிதரால் முடியாத துல்லியம். டிஃபிகல்ட்டி அமைப்பில் ஸ்கில், பிரிசிஷன் என்று இரண்டு இழுவைகள் இருக்கும். ஸ்கில்லை உயரமாகவும் பிரிசிஷனைப் பாதி அளவுக்கும் கீழாகவும் வையுங்கள். அப்போது புத்தியோடு நகரும், ஆனால் முதல் குண்டிலேயே தலையைத் துளைக்காது.

அடுத்தது மவுஸ் சக்கரத்தில் வரும் செயல் பட்டியல். கதவு திறப்பது, வண்டியில் ஏறுவது, குதிப்பது எல்லாம் அதே பட்டியலில் இடம் மாறி மாறி வருகின்றன. ஹெலிகாப்டரில் இருக்கைக்கு மாறுவதாக நினைத்து வெளியே குதித்தவர்கள் எண்ணிக்கையில்லை. அடிக்கடி தேவைப்படும் செயல்களுக்கு கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் தனி விசை கொடுத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை, பிறகு நிம்மதி.

கதை சுமார். வெளியானபோது கதைப் பகுதியே இல்லை. 2013 அக்டோபரிலிருந்து 2014 மார்ச் வரை மூன்று தவணையாக வந்தது. முதல் தவணை நன்று, கடைசி அவசரம். நல்ல எழுத்து வேண்டுமானால் 2017-இல் வந்த லாஸ் ஆஃப் வார் இணைப்பை ஆடுங்கள். போர் முடிந்த கிராமத்தில் கண்ணிவெடி அகற்றுபவரின் கண்ணால் அது நகர்கிறது. அந்த ஆண்டு அதில் கிடைத்த நிகர வருமானத்தில் பாதி சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவுக்குப் போனது.

நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தும் 30 எஃப்பிஎஸ்தான் (நொடிக்கு 30 படம்) வருகிறது. ஏன்?

இந்த ஒன்றுதான் அதிகம் கேட்கப்படுகிறது. பாட்களின் மூளை, குண்டுகளின் பாதை, மிஷன் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் நெடுங்காலம் பிராசசரின் ஒரே இழைதான் (த்ரெட்) சுமந்தது. அந்த ஒரு இழை முடிக்கும் வரை கிராபிக்ஸ் கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் தரத்தை லோவுக்கு இறக்கினாலும் எண்ணிக்கை ஏறுவதில்லை. 2017-இல் 64 பிட்டுக்கு மாறியது நினைவகச் சிக்கலைத் தீர்த்தது. 2025-இல் வந்த 2.20 பதிப்பு வேலையைப் பல இழைகளுக்குப் பிரித்துக் கொடுத்ததில் நிலைமை கண்ணுக்குத் தெரியும்படி தேறியது. பழைய யூடியூப் அளவீடுகளை இப்போது அப்படியே நம்ப வேண்டாம்.

செய்ய வேண்டியவை இவை. வீடியோ அமைப்பில் ஓவரால் பார்வைத் தூரத்தை 2,500 மீட்டருக்கும் ஆப்ஜெக்ட் தூரத்தை 1,200 முதல் 1,500-க்கும் இறக்குங்கள்; அதிக வித்தியாசம் தருவது இரண்டாவதுதான். விமானம் ஓட்டும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். மதர்போர்டு பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயங்குகிறதா பாருங்கள். இந்த விளையாட்டுக்கு ராமின் வேகம் முக்கியம், கடையில் பொருத்தித் தரும்போது பெரும்பாலும் அதை இயக்காமலே தருகிறார்கள். 16 ஜிபி ஒரே துண்டாக இருப்பதைவிட 8 ஜிபி இரண்டு துண்டு நல்லது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் வொர்க்‌ஷாப்பில் கிடைக்கும் யெட் அனதர் ஆர்மா பெஞ்ச்மார்க்கை ஓட்டி ஒப்பிடுங்கள். வெறும் எடிட்டரில் நின்று பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை.

எல்லாம் செய்தும் ஒரு குறிப்பிட்ட சர்வரில் மட்டும் தடுமாறினால் பழி உங்கள் கணினி மேல் இல்லை. அந்த மிஷனில் பாட்கள் அளவுக்கு மீறி இருக்கும், சர்வரே மூச்சுத் திணறும்.

இந்த ஊரில் என்ன கணினி வாங்கலாம்?

ஆறு கோர், ஒற்றை இழை வேகம் அதிகமுள்ள பிராசசர். கையில் பணம் இருந்தால் ஏஎம்டியின் எக்ஸ்3டி வகை: கேஷ் (பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் நினைவகம்) பெரிது, ஆர்மாவுக்கு அது நேராக உதவும். கிராபிக்ஸ் கார்டு நடுத்தரம் போதும். எஸ்எஸ்டி கட்டாயம், மாட்களோடு 100 ஜிபியைத் தாண்டும் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள்.

கடற்கரை ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் போல அலை ஓசை கேட்கும் தூரத்தில் வீடு இருந்தால் உப்புக் காற்று மின்விசிறியிலும் கார்டின் இணைப்பு முனைகளிலும் படியும். தூசியோடு சேர்ந்து ஈரமாக ஒட்டிக்கொள்வதால் வெறுமனே ஊதினால் போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, மென் தூரிகையால் தட்டி, முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் அணைத்தே வைத்திருப்பது நல்லதல்ல. தினம் அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. சன்னலோரம் வைக்காதீர்கள்.

கேமிங் சென்டரில் ஆட முடியுமா?

சிரமம். பெரும்பாலான சென்டர்களில் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும்படி பூட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் இறக்கிய மாட்கள் அத்தோடு போய்விடும். வெளி எஸ்எஸ்டி ஒன்றில் ஆட்டத்தையும் மாட்களையும் வைத்துக்கொண்டு, அங்கே ஸ்டீம் அமைப்பில் ஸ்டோரேஜ் பக்கத்தில் அந்த டிரைவைச் சேர்த்தால் வேலை ஆகும். முன்னால் உள்ள பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகினால் வீடுகள் கண் முன்னே தாமதமாக முளைக்கும். நீல நிறத் துளையைத் தேடுங்கள். முடிந்ததும் ஸ்டீம் கணக்கை வெளியேற்ற மறக்க வேண்டாம்.

பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் மில்லிநொடி) 180 காட்டுகிறது. ஆட முடியுமா?

ஒருவருக்கொருவர் சுட்டுக்கொள்ளும் ஆட்டத்தில் கஷ்டம். எல்லோரும் சேர்ந்து பாட்களை எதிர்க்கும் கூட்டு ஆட்டத்தில் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் ஆட்டமே மெதுவானது. தெரியும் இடம் வண்டிதான்: நண்பர் ஓட்டும் ஜீப் குதித்துக் குதித்து வரும், அதன் முன்னே நின்றால் நிஜத்தில் படாமலே சாவீர்கள். ஐரோப்பிய சர்வர்களுக்கு இங்கிருந்து இந்த அளவு பிங் இயல்பு.

நான்கைந்து பேர்தான் என்றால் ஒருவர் வீட்டிலேயே சர்வர் நடத்தலாம். ரவுட்டரில் யூடிபி 2302 முதல் 2306 வரை திறக்க வேண்டும். திறந்தும் நண்பர்களுக்குத் தெரியவில்லையா? ரவுட்டர் காட்டும் வான் (WAN) ஐபியும் 'என் ஐபி என்ன' என்று தேடினால் வரும் ஐபியும் ஒன்றா பாருங்கள். வேறு வேறு என்றால் உங்கள் இணைப்பு பல வீடுகளோடு ஒரே முகவரியைப் பகிர்கிறது; எத்தனை துளை திறந்தாலும் பயன் இல்லை. இணைய நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி கேளுங்கள், அல்லது எல்லோரும் சீரோடியர் போட்டு ஒரே லேன் போல இணையுங்கள்.

தமிழில் ரேடியோ பேசினால் குழப்பம் வருகிறதே?

வரும். எழுபதும் எண்பதும் துப்பாக்கிச் சத்தத்தில் ஒன்றுபோலக் கேட்கும். 'நூத்தி எண்பது' என்று சொன்னதை 'நூத்தி எழுபது' என்று கேட்டு, பத்து டிகிரி தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 500 மீட்டரில் அது கிட்டத்தட்ட 90 மீட்டர் பிசகு. திசையை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: ஒண்ணு, எட்டு, சைபர். வரிசையும் மாறக்கூடாது: திசை, தூரம், எத்தனை பேர், எங்கே. 'ரெண்டு ஒண்ணு சைபர், முந்நூறு மீட்டர், ரெண்டு பேர், வெள்ளைச் சுவர் பின்னால.' அவ்வளவு போதும். 'டேய் அங்க பாரு, மரத்துகிட்ட' என்றால் ஆல்டிஸில் எத்தனை மரம்!

பேச்சு அலைவரிசையை மாற்ற காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகள். குழுவுக்கு மட்டும் பேசுவதாக நினைத்து குளோபலில் பேசிவிடுவது வழக்கம், மூலையில் எந்தப் பெயர் தெரிகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நாங்களே மிஷன் செய்ய எங்கே தொடங்குவது?

எடிட்டரில் முதல் முறைக்கு ஸ்ட்ராட்டிஸ் தீவு. 20 சதுர கிலோமீட்டர்தான், விரைவில் திறக்கும். நேட்டோ பக்கத்திலிருந்து நான்கு பேர் கொண்ட குழுவை வைக்கவும். ஒருவரை இரட்டைச் சொடுக்கு செய்து பிளேயர் என்றும், மற்ற மூவரை பிளேயபிள் என்றும் குறிக்கவும். இதை மறந்தால் நண்பர்களுக்கு இடமே காட்டாது, 'சர்வர் பழுது' என்று ஒரு மணி நேரம் தேடுவீர்கள். எதிரிக் குழுவை 800 மீட்டர் தள்ளி வைத்து, அதைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு வலது சொடுக்கு செய்தால் வேபாயின்ட் விழும். அதன் வகையை சீக் அண்ட் டெஸ்ட்ராய் ஆக்குங்கள். ஆட்ரிபியூட்ஸ், மல்ட்டிபிளேயர் பக்கத்தில் ரிவைவ் (விழுந்தவரை எழுப்புவது), ரீஸ்பான் (செத்தவர் மீண்டும் வருவது) இரண்டையும் இயக்குங்கள். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் டைனமிக் சிமுலேஷனை இயக்கி, தூரத்தில் நிற்கும் குழுக்களுக்கு அதைக் குறித்துவிட்டால் ஆட்கள் நெருங்கும் வரை அவை உறங்கும், எஃப்பிஎஸ் தப்பிக்கும். கடைசியாக எக்ஸ்போர்ட் டு மல்ட்டிபிளேயர்.

முதல் மிஷனில் எல்லோரும் அறுபது எழுபது எதிரி வைக்கிறார்கள். பன்னிரண்டு வையுங்கள். நல்ல இடத்தில் நிற்கும் பன்னிரண்டு பேர் நான்கு பேருக்கு முக்கால் மணி நேர வேலை.

சர்வரில் நுழைந்ததும் வெளியே தள்ளுகிறது. மாட் பிரச்சினையா?

ஏறக்குறைய எப்போதும் அதுதான். 'சிக்னேச்சர்' என்ற சொல் செய்தியில் இருந்தால் உங்கள் மாட் பதிப்பும் சர்வர் பதிப்பும் வேறு, அல்லது சர்வர் அனுமதிக்காத மாட் உங்களிடம் ஓடுகிறது. ஆட்டத்தைத் திறக்கும் லாஞ்சரில் அந்த மாட்டை ரிப்பேர் செய்து பாருங்கள். குழுவாக ஆடுகிறவர்கள் லாஞ்சரின் பிரீசெட்டை (மாட் பட்டியலை) ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் இந்தத் தலைவலி முக்கால் பங்கு தீரும்.

எல்லா டிஎல்சியும் (தனியாக விற்கும் இணைப்புகள்) வாங்க வேண்டுமா?

வேண்டாம். மூல ஆட்டமும் தள்ளுபடியில் ஏபெக்ஸும் போதும். ஏபெக்ஸில் 100 சதுர கிலோமீட்டர் டனோவா தீவு கிடைக்கும். மால்டன் தீவு இலவசம். வாங்காத டிஎல்சி ஹெலிகாப்டரில் பயணியாக ஏறலாம், ஓட்ட முடியாது. கிரியேட்டர் டிஎல்சி வகை மட்டும் வேறு. வியட்நாம் காலத்து பிரெய்ரி ஃபயர் போன்றவை தனி மாட் போல ஏற்றப்படும், உங்கள் குழு ஆடுவது உறுதியானால் மட்டும் வாங்குங்கள்.

இந்த விளையாட்டின் காட்சியைப் போர்ச் செய்தி என்று அனுப்புகிறார்களே?

ஆம், இது கவலைக்குரியது. உக்ரைன் போரிலும், 2025 மே மாத இந்தியா–பாகிஸ்தான் மோதலிலும் ஆர்மா 3 காட்சிகள் உண்மைச் சண்டை என்று வாட்சப்பில் சுற்றின. 2022 நவம்பரில் நிறுவனமே அறிக்கை விட்டு அடையாளங்களைச் சொன்னது. படம் வேண்டுமென்றே மங்கலாகவும் ஆடியும் இருக்கும்; இரவுக் காட்சியாக இருக்கும்; ஒலி இருக்காது; மனிதர்கள் நடமாட மாட்டார்கள், வண்டியும் விமானமும் மட்டும்; வெடிப்புப் புகை ஒரே மாதிரி இருக்கும். சில நேரம் மூலையில் ஆட்டத்தின் எழுத்து மிச்சமிருக்கும். இதை ஆடுகிறவர்கள்தான் இவற்றை முதலில் கண்டுபிடிக்க முடியும். குடும்பக் குழுவில் வந்தால் பேசாமல் கடந்து போகாதீர்கள், இது விளையாட்டு என்று அங்கேயே எழுதுங்கள். எல்லையில் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் படம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பதிவிடும் காட்சிகளிலும் ஆட்டத்தின் பெயரை அழுத்தமாகப் போடுங்கள்.

அந்தத் தீவு நிஜமாகவே இருக்கிறதா?

ஆல்டிஸின் முன்மாதிரி கிரேக்கத்தின் லிம்னோஸ் தீவு. 2012 செப்டம்பரில் அங்கே ராணுவ இடங்களைப் படம் எடுத்ததாக நிறுவனத்தின் பணியாளர் இருவரை உளவுக் குற்றச்சாட்டில் கைது செய்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார்கள். ஆட்டத்தில் வரும் தீவின் பெயர் பிறகு ஆல்டிஸ் ஆனது.

நடுவில் மின்சாரம் போனால் சேமித்தது போய்விடுமா?

போகலாம். எழுதிக்கொண்டிருந்த நொடியில் அணைந்தால் புரொஃபைல் கோப்பு கெட்டு, விசை அமைப்புகளும் சேர்ந்து போகும். டாக்குமென்ட்ஸில் உள்ள ஆர்மா 3 கோப்புறையையும், பக்கத்தில் அதர் புரொஃபைல்ஸ் என்று முடியும் கோப்புறையையும் வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகலெடுங்கள். நீங்கள் எழுதிய மிஷன்களும் அங்கேதான் இருக்கின்றன.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். ஆட்டத்தின் நடுவே கணினியும் மானிட்டரும் 300 முதல் 350 வாட் இழுக்கும். பேட்டரி ஓராண்டு பழையதானால் அந்த நொடியே கைவிடும். 1,000 விஏ எடுங்கள். ரவுட்டரையும் அதிலேயே செருகுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் மின்சாரம் இருக்கும்போதே ஸ்டீமில் நுழைந்து, அப்டேட் முடித்து, ஆஃப்லைன் முறையில் ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு இணையம் நாள்கணக்கில் வராவிட்டாலும் தனி ஆட்டமும் எடிட்டரும் ஓடும்.

ஆர்மா 4 வரட்டும் என்று காத்திருக்கலாமா?

2027-இல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். புதிய எஞ்சினை இப்போதே பார்க்க ஆர்மா ரீஃபார்ஜர் இருக்கிறது: துப்பாக்கி பிடிப்பதும் ரேடியோவும் அதில் மேல், மிஷன் வகைகளும் மாட்களும் ஆர்மா 3-இல் அதிகம். ஆடக் கூட்டாளிகள் இப்போதே இருந்தால் காத்திருக்க வேண்டாம், அடுத்த ஸ்டீம் தள்ளுபடியில் ஆர்மா 3 வாங்கிவிடுங்கள்.